மனுவில் இருப்பதும் தீர்ப்பில் இருப்பதும்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் "இரண்டு முறை விவாகரத்து ஆகி மூன்றாவதாகத் திருமணம் செய்துகொண்டவருக்கு ஓட்டுப் போடலாமா" என்று கேட்டதுபோல இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே எழுதியிருந்த நாலு வரியில்தான் விஷயம் இருக்கிறது. அவருடைய கொள்கைகள் உங்களுக்குப் பிடிக்கும், எதிர் வேட்பாளருடையவை பிடிக்காது. முதல் மனைவி எப்போதோ கொடுத்த மனுவின் ஒன்பது பக்கங்கள் போனுக்குப் போன் சுற்றுகின்றன. "வீட்டை ஆளத் தெரியாதவன் நாட்டை எப்படி ஆள்வான்" என்கிறார் உங்கள் அம்மா. அது சரியான வாதமில்லை என்று தோன்றினாலும், படித்த ஒன்பது பக்கங்களை உங்களால் மறக்க முடியவில்லை. ஆக நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான்: ஒருவருடைய மணவாழ்க்கை, அவர் பதவியில் எப்படி நடந்துகொள்வார் என்பதற்குச் சாட்சியமாகுமா? ஆகுமென்றால் அதை எவ்வளவு நம்பலாம்?

சாட்சியம் என்று வந்துவிட்டதால் நான் கொஞ்சம் பேசலாம். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடும்ப வழக்குகள்தான் என் பிழைப்பு. கணவன் பக்கமும் நின்றிருக்கிறேன், மனைவி பக்கமும் நின்றிருக்கிறேன். எங்கள் தொழிலில் கட்சிக்காரர் என்றால் வழக்கைக் கொண்டு வருபவர்; உங்கள் தேர்தலில் எனக்கு அப்படியும் கட்சி கிடையாது, இப்படியும் கிடையாது. ஒரு குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேசைக்கு வருபவை முறிந்த திருமணங்கள் மட்டும்தான். நாற்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் ஒருவரை ஒருவர் வதைத்துக்கொண்டு, ஊருக்கு முன்னால் ஜோடியாக நிற்பவர்கள் என்னிடம் வருவதில்லை. அதனால் "முறிந்த திருமணம்" "முறியாத திருமணம்" என்று நான் ஒப்பிட்டால், ஒரு தட்டு காலியாக இருக்கும் தராசில் நிறுப்பதற்குச் சமம். வாக்காளரின் நிலையும் அதேதான். விவாகரத்தானவரைப் பற்றி ஒரு கோப்பு இருக்கிறது. ஆகாதவரைப் பற்றி ஒரு குடும்பப் புகைப்படம் இருக்கிறது.

சரி, அந்தக் கோப்பில் என்ன இருக்கும்? பெரும்பாலும் உங்களுக்குப் பயன்படும் எதுவும் இருக்காது. இருவரும் சேர்ந்து கேட்கும் பரஸ்பர சம்மத விவாகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல்தான் அதற்கான பிரிவு சேர்ந்தது. ஓர் ஆண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்கிறோம், சேர்ந்து வாழ முடியவில்லை, பிரியச் சம்மதிக்கிறோம். மனுவில் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். யார் மேல் தப்பு என்று யாரும் கேட்பதில்லை, யாரும் எழுதுவதுமில்லை. அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு ஒருவரின் குணத்தைச் சொல்லப் பார்ப்பது, ரயில் டிக்கெட்டைப் பார்த்துப் பயணம் எப்படி இருந்தது என்று சொல்வதைப் போன்றது. போனார், வந்தார் என்பது மட்டும் தெரியும்.

ஒருவர் கேட்டு மற்றவர் எதிர்க்கும் வழக்கில் பக்கங்கள் அதிகம். உங்களைத் தூங்கவிடாத ஒன்பது பக்கங்கள் அந்த வகை. அவை எப்படிப் பிறக்கின்றன என்று சொல்கிறேன். அழுதுகொண்டு ஒருவர் வருவார். இரண்டு மணி நேரம் பேசுவார். அதில் பாதி மாமியாரைப் பற்றியும் கால்வாசி தன் தம்பி கல்யாணத்தில் நடந்த அவமானத்தைப் பற்றியும் இருக்கும். சட்டம் கேட்கும் காரணங்களோ எண்ணி விடக்கூடியவை: கொடுமை, கைவிடுதல், பிறர்மனை உறவு, இப்படிச் சில. கேட்ட கதையிலிருந்து அந்தப் பெட்டிகளுக்குள் எது அடங்குமோ அதைப் பொறுக்கி, தேதி போட்டு, வரிசைப்படுத்தி எழுதுவது என் வேலை. பொய் எழுதியதாகச் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் தழுதழுத்த குரலில் "அவர் என்னோட பேசவே மாட்டார்" என்று சொன்னதை "எதிர்மனுதாரர் மனுதாரரைத் தொடர்ந்து மன உளைச்சலுக்கு உள்ளாக்கி" என்று எழுதும்போது அதன் எடை கூடிவிடுகிறது. இரண்டு வாரத்தில் அடுத்த பக்கத்திலிருந்து எதிருரை வரும். அதில் கதை தலைகீழாக இருக்கும். பிறகு ஜீவனாம்சத் தொகையில் உடன்பாடு ஆனதும் இரண்டு தரப்பும் குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். மனு மட்டும் நீதிமன்றக் கோப்புக் கட்டுக்குள் கிடக்கும், பத்து ஆண்டுகள் கழித்து யாராவது படம் பிடித்து அனுப்புவதற்காக.

சட்டமே மக்களை இப்படி எழுத வைத்த காலமும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் 1966-இல் சட்டம் திருத்தப்படும்வரை பிறர்மனை உறவு ஒன்றுதான் விவாகரத்துக்குக் காரணமாக இருந்தது. இங்கிலாந்திலும் 1937-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை கிட்டத்தட்ட அதே கதைதான். கண்ணியமாகப் பிரிய நினைத்த கணவர் ஒரு ஓட்டலில் அறை எடுத்து, கூலிக்கு வந்த ஒரு பெண்ணோடு காலைத் தேநீர் வரும் நேரத்தில் உட்கார்ந்திருப்பார். அறையைச் சுத்தம் செய்ய வந்த பணிப்பெண் நீதிமன்றத்தில் பார்த்ததைச் சொல்வார். இந்த நாடகம் அங்கே பலருக்கும் தெரிந்த ரகசியம். நியூயார்க்கில் பணம் உள்ளவர்கள் 1931-க்குப் பிறகு நெவாடா மாநிலத்துக்கு ரயிலேறினார்கள். அங்கே ஆறு வாரம் தங்கினாலே விவாகரத்து கேட்கலாம். அந்தக் கால ஆவணத்தைப் பார்த்து "இவர் சோரம் போனவர்" என்று இன்று யாராவது முடிவு செய்தால், தன்னைத்தானே கேவலப்படுத்திக்கொண்டு மனைவியின் பெயரைக் காத்த ஒரு மனிதரைத் தண்டிப்பதாகக்கூட அது ஆகிவிடலாம்.

நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லரின் மனைவி 1962-இல் விவாகரத்து வாங்கியதும் நெவாடாவில்தான். ராக்ஃபெல்லர் 1963-இல் மறுமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு, அதிபர் வேட்பாளராக அவர் போட்டியிட்ட குடியரசுக் கட்சியின் கலிபோர்னியா உட்கட்சித் தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு புது மனைவிக்குக் குழந்தை பிறந்தது. ஊர் முழுக்க அந்த மறுமணப் பேச்சு மறுபடி கிளம்பியது. கொஞ்ச வாக்குகளில் தோற்றார். பதினாறே ஆண்டுகள் கழித்து, 1949-இல் விவாகரத்தாகி மறுமணம் செய்திருந்த ரொனால்ட் ரீகன் அதே கட்சியின் வேட்பாளராக நின்று, விவாகரத்தான முதல் அமெரிக்க அதிபரானார். நடுவில் ஒன்று நடந்திருந்தது. யார் மேலும் பழி போடாமல் பிரியலாம் என்று அமெரிக்காவில் முதலில் வழிவிட்ட கலிபோர்னியாச் சட்டத்தில் 1969-இல் கையெழுத்திட்ட ஆளுநர் அதே ரீகன்தான். சட்டம் மாறியதால் மக்கள் மனம் மாறியதா, மனம் மாறியதால் சட்டம் மாறியதா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 1964-இல் ஒருவரைக் கவிழ்க்க உதவிய தகவல் 1980-இல் பொருட்படுத்தப்படவில்லை. தகவல் மாறவில்லை, பார்த்த கண்கள் மாறிவிட்டன.

உங்கள் ஒன்பது பக்கங்களுக்கு மிக நெருங்கிய உதாரணம் 2004-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்தது. செனட் இடத்துக்கான ஒரே தேர்தலில் இரண்டு கட்சிகளின் இரண்டு பணக்கார வேட்பாளர்கள், இரண்டு விவாகரத்துக் கோப்புகள். ஜனநாயகக் கட்சியில் முன்னணியில் இருந்த பிளேர் ஹல்லின் கோப்பு உட்கட்சித் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு வெளியானது. முன்னாள் மனைவி அவர் மீது பாதுகாப்பு உத்தரவு கேட்டிருந்ததும், 1998-இல் அவர் கைது செய்யப்பட்டு, பிறகு குற்றச்சாட்டு பதிவாகாமல் விடப்பட்டதும் தெரியவந்தன. மூன்றாம் இடத்துக்குப் போனார். குடியரசுக் கட்சியின் ஜாக் ரயன் கதை வேறு. முன்னாள் மனைவி குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கில், ரயன் தன்னை விருப்பமில்லாமல் சில பாலியல் கேளிக்கை விடுதிகளுக்கு அழைத்துப் போனார் என்று எழுதியிருந்தார். ரயன் மறுத்தார். பிள்ளைக்காக அந்தத் தாள்களைத் திறக்க வேண்டாமென்று கணவன், மனைவி இருவருமே கேட்டார்கள். ஒரு செய்தித்தாளும் தொலைக்காட்சியும் கேட்டுக்கொண்டதன்பேரில் நீதிபதி திறந்துவிட்டார். சில நாளில் ரயன் விலகினார். நிரூபிக்கப்பட்டது எதுவுமில்லை. அந்த இடத்தில் ஜெயித்து செனட்டுக்குப் போனவர் பராக் ஒபாமா.

இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. அடித்ததாக ஒருவர் நீதிமன்றத்திடம் பாதுகாப்பு கேட்டதும் காவல்துறை வந்ததும் வாக்காளர் கேள்வி கேட்க நியாயமான விஷயம். அவர் பதில் சொல்ல வேண்டும், கேட்பவர்கள் பதிலை எடைபோட வேண்டும். இருவர் திருமணத்துக்குள் என்ன கேட்டார், என்ன மறுத்தார் என்பது, அதுவும் அந்தப் பெண்ணே வெளியே வரக்கூடாது என்று கேட்கும்போது, எனக்கு வம்பாகத்தான் படுகிறது. மாற்றுக் கருத்து உள்ள சக வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். விருப்பத்துக்கு மாறாக அழைத்துப் போவதும் ஒரு அடக்குமுறைதானே என்பார்கள். அதை நான் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. நிரூபணமாகியிருந்தால் நானும் அந்தப் பக்கம்தான் பேசியிருப்பேன்.

நிரூபணம் என்றால் என்ன என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு வழக்கு. ஆண்ட்ரூ கிரிஃபித்ஸ் என்ற முன்னாள் அமைச்சர், முன்னாள் எம்.பி. அவர் மனைவியை வன்புணர்ந்தார், உடல்ரீதியாகத் துன்புறுத்தினார் என்று ஒரு குடும்ப நீதிமன்ற நீதிபதி, இரண்டு தரப்பையும் கேட்ட பிறகு முடிவு செய்தார். கிரிஃபித்ஸ் அதை மறுத்தார். இங்கே முன்னாள் மனைவி, அதற்குள் அதே தொகுதியின் எம்.பி. ஆகியிருந்தவர், தன் பெயரோடேயே தீர்ப்பு வெளியாகட்டும் என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் சம்மதித்து, 2021 டிசம்பரில் தீர்ப்பு வெளியானது. குடும்ப நீதிமன்றத்தின் அளவுகோல் "நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்" என்பது. கிரிமினல் வழக்கில் கேட்கும் "சந்தேகத்துக்கு இடமில்லாமல்" என்பதைவிடக் குறைவு. அவர் கிரிமினல் தண்டனை பெற்றவர் அல்ல. அந்த வித்தியாசத்தை மறைத்துப் பேசுவது தப்பு. ஆனாலும் குறுக்கு விசாரணையைத் தாண்டி, காரணங்களோடு ஒரு நீதிபதி எழுதிய முடிவு, ஒரு தரப்பு வக்கீல் எழுதிய மனுவோடு ஒப்பிடக்கூடிய பொருளே இல்லை. முதலாவதை வாக்காளர் தாராளமாகக் கணக்கில் எடுக்கலாம். எடுக்காமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

எந்த ஆணுக்கோ பெண்ணுக்கோ நான் ஓட்டுப் போடும்போது அவர்களின் குடும்ப வழக்கில் எதைத் தேடுவேன் என்று கேட்டால், காதலையும் துரோகத்தையும் தேட மாட்டேன். நீதிமன்றம் போட்ட உத்தரவை அவர் மதித்தாரா என்று பார்ப்பேன். பிள்ளைக்குப் பணம் கட்டச் சொன்ன உத்தரவை மூன்று ஆண்டுகள் இழுத்தடித்தவர், வருமானத்தைக் குறைத்துக் காட்டி சத்தியப் பிரமாணத்தில் பொய் சொன்னவர், சொத்தை அவசர அவசரமாகத் தம்பி பெயருக்கு மாற்றியவர், இவர்கள் எல்லாரையும் பார்த்திருக்கிறேன். தன்னைவிடப் பணமும் பலமும் குறைந்த ஒருவர் எதிரில் நிற்கும்போது, தனக்குப் பிடிக்காத உத்தரவு வரும்போது, ஒருவர் என்ன செய்கிறார் என்பது அங்கே பச்சையாகத் தெரிகிறது. பதவியில் இருப்பவர் தினமும் செய்ய வேண்டியதும் அதே மாதிரி வேலைதான். இதற்கு மாறாக, மனமுடைந்து பிரிந்த பிறகும் முதல் தேதி தவறாமல் பணம் கட்டி, பிள்ளையின் முன்னால் முன்னாள் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசாமல் இருந்தவர்களும் உண்டு. அவர்களுடைய விவாகரத்து எனக்கு அவர்களைப் பற்றி நல்லதைத்தான் சொல்லியது.

சில சமயம் திருமணம் முறியும்போது அதுவரை மூடியிருந்த வேறொன்று வெளியே வரும். பிரிட்டனில் கிரிஸ் ஹியூன் என்ற அமைச்சர் 2010-இல் மனைவியைப் பிரிந்தார். கோபத்தில் இருந்த மனைவி வெளியே கொண்டுவந்த செய்தி, 2003-இல் ஹியூன் வேகமாகக் கார் ஓட்டி மாட்டிய குற்றத்தை மனைவியான தன்னை ஏற்றுக்கொள்ளச் செய்தார் என்பது. நீதியைத் திசைதிருப்பிய குற்றத்துக்காக 2013-இல் இருவருக்குமே எட்டு மாதம் சிறை. அவர் வேறொருத்தியோடு போனார் என்பதை மறந்துவிட்டாலும் அந்த வழக்கின் பொருள் குறையவில்லை. தகவல் பழிவாங்கும் கையிலிருந்து வந்தது என்பதாலும் அது பொய்யாகிவிடவில்லை. மணமுறிவிலிருந்து வந்தது என்று எதையும் கண்ணை மூடித் தள்ள வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பணம் இன்னொரு இடம். இந்திய உச்ச நீதிமன்றம் 2002-இல் கொடுத்த தீர்ப்பின் விளைவாக, வேட்பாளர் தன் சொத்தோடு துணைவரின் சொத்தையும் சார்ந்திருப்போரின் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும். 2018-இல் அவர்களுடைய வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதும் சேர்ந்தது. யார் யாரோடு வாழ்கிறார்கள் என்று நோட்டமிட அல்ல, பணம் யார் பெயரில் ஒதுங்குகிறது என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. இதில் குடும்ப வழக்கறிஞர் கண்ணுக்கு மட்டும் படும் ஒரு ஓட்டை உண்டு: விவாகரத்தான நாளிலிருந்து முன்னாள் துணையின் சொத்து பட்டியலில் வர வேண்டியதில்லை. அதனால் ஒருவர் பதவியில் இருந்த காலத்தில் பிரிந்திருந்தால், பிரிவினையின்போது எது யாருக்குப் போனது என்று கேட்பது வம்பு அல்ல. தேர்தல் நேரத்தில் படுக்கையறை பற்றி நூறு பதிவுகள் வருகின்றன, இதைப் பற்றி ஒன்றுகூட வருவதில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல்.

உங்கள் அம்மாவின் வாதத்துக்கு வருகிறேன். அதை அசட்டுப் பேச்சு என்று தள்ள முடியாது. பல நாகரிகங்களில் இதே வாக்கியம் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்துப் பழைய நூல்கள் இந்த விஷயத்தில் அதைவிட நுட்பமாக யோசித்திருக்கின்றன. "அறம்பொருள் இன்பம் உயிரச்சம் நான்கின் திறந்தெரிந்து தேறப் படும்" என்கிறது குறள். அமைச்சனைத் தேர்ந்தெடுக்க நாலு சோதனை. அர்த்தசாஸ்திரத்தில் இந்த நாலும் விவரமாக இருக்கின்றன. இன்பச் சோதனை என்றால் இவன் மனைவியோடு ஒழுங்காக வாழ்கிறானா என்று விசாரிப்பது இல்லை. ஒரு துறவிப் பெண்ணை அனுப்பி, "அரசி உன்மேல் ஆசைப்படுகிறாள்" என்று சொல்லச் செய்வார்கள். ஆசைக்காக அரசனுக்குத் துரோகம் செய்வானா என்பதுதான் கேள்வி. அதைவிடச் சுவையானது அடுத்த படி. இன்பச் சோதனையில் தேறியவனுக்கு அரசனின் உல்லாச இடங்களைக் காக்கும் வேலை. பொருள் சோதனையில் தேறியவனுக்குக் கருவூலமும் வரி வசூலும். அறச் சோதனையில் தேறியவனுக்கு நீதித்துறை. எந்த வேலைக்கு எந்தக் குணம் தேவையோ அந்தக் குணத்தைச் சோதி என்பது அவர்கள் கணக்கு. நாலிலும் தேறியவனைத்தான் மந்திரியாக்கு என்றும் அதே நூல் சொல்கிறது, அதை மறைக்கவில்லை. அம்மாவிடம் இந்த வாதத்தை எடுத்துப் போனால் அவர் அந்த வரியைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

அவர் பக்கம் இன்னும் வலுவான ஒரு ஆதாரம் உண்டு, நியாயமாக அதையும் தந்துவிடுகிறேன். திருமணமானவர்கள் ரகசிய உறவு தேடும் ஆஷ்லி மேடிசன் என்ற தளத்தின் பயனர் பட்டியல் 2015-இல் கசிந்தது. அதை வைத்து ஆய்வாளர்கள் காவலர்கள், நிதி ஆலோசகர்கள், பொருளாதாரக் குற்றவாளிகள், நிறுவன உயர் அதிகாரிகள் என நாலு கூட்டத்தாரை ஆராய்ந்தார்கள். அந்தத் தளத்தைப் பயன்படுத்தியவர்களிடம் தொழில்முறைத் தவறுகளும் கணிசமாக அதிகம் என்று 2019-இல் கட்டுரை வெளியானது. எனக்கு அது பிடிக்காத முடிவு, ஆனாலும் பிடிக்கவில்லை என்று தள்ளிவிட முடியாது. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று மட்டும் பாருங்கள். பணம் கட்டி, திட்டமிட்டு, மறைத்து ஏமாற்றியவர்களைப் பற்றியது அந்த ஆய்வு. விவாகரத்தானவர்களைப் பற்றியது அல்ல. ஏமாற்றாமல், மறைக்காமல், "முடியவில்லை, பிரியலாம்" என்று நீதிமன்றத்துக்கு வந்தவர் ஒருவகையில் அதற்கு நேர் எதிரான ஆள். உங்கள் வேட்பாளர் இதில் எந்த ரகம் என்பதை "இரண்டு முறை விவாகரத்து" என்ற எண்ணிக்கை சொல்லாது.

ஒருவர் தன் அளவுகோலைத் தானே சோதித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம், "சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொது வாழ்வில் நேர்மையாக நடக்க முடியுமா" என்று கேட்டது. 2011-இல், வேதத்தை இறுகப் பிடிக்கும் பிரிவினரான வெள்ளை இன இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் 30 சதவீதம் பேர் முடியும் என்றார்கள். 2016-இல் அதே கேள்விக்கு 72 சதவீதம். நடுவில் வேதம் மாறவில்லை. மூன்று திருமணம் செய்த டொனால்ட் டிரம்ப் அவர்கள் ஆதரிக்கும் வேட்பாளர் ஆகியிருந்தார். சிரிக்க வேண்டாம், எதிர்த் திசையிலும் இதே வேலை நடக்கும். உங்களையே கேட்டுப் பாருங்கள்: இதே ஒன்பது பக்கங்கள் உங்களுக்குப் பிடிக்காத வேட்பாளரைப் பற்றி வந்திருந்தால், "மனு வேறு, தீர்ப்பு வேறு" என்று சொல்லும் என் பதிலை இவ்வளவு பொறுமையாகப் படித்திருப்பீர்களா?

பெண் வேட்பாளர் என்றால் இந்த அளவுகோல் இன்னும் கோணலாகிவிடும். ஐஸ்லாந்தில் 1980-இல் விக்டிஸ் ஃபின்போகதோத்திர் அதிபரானார். விவாகரத்தானவர், ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்துத் தனியாக வளர்த்தவர். உலகில் மக்கள் நேரடியாக வாக்களித்து அதிபரான முதல் பெண். பதினாறு ஆண்டுகள் பதவியில் இருந்தார். ரீகன் ஜெயித்ததும் அதே ஆண்டுதான் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் இருபத்தேழு ஆண்டுகள் கழித்தும், ஆஸ்திரேலியாவில் திருமணமும் குழந்தையும் இல்லாத ஜூலியா கில்லார்டைப் பார்த்து ஒரு செனட்டர் "வேண்டுமென்றே மலடாக இருப்பவர்" என்று பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். திருமணம் செய்தால் எத்தனை, செய்யாவிட்டால் ஏன், முறிந்தால் யார் காரணம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பெண்ணுக்கு ஒரு கேள்வி காத்திருக்கிறது. ஆணுக்கு நீங்கள் கேட்காத ஒன்றைப் பெண்ணிடம் கேட்டால், அது வாக்காளரின் விசாரணை இல்லை, வேறு எதுவோ.

இரண்டு இடங்களில் மட்டும் என் நிலை மாறும். ஒன்று, வேட்பாளரே குடும்பத்தைத் தேர்தல் பொருளாக்கும்போது. நீதிமன்றத்தில் ஒருவர் தானாக ஒரு விஷயத்தை எடுத்து வைத்தால் எதிர்த்தரப்பு அதில் கேள்வி கேட்கலாம். மேடையில் மனைவி மக்களை நிறுத்தி "நான் குடும்பஸ்தன், எதிராளி அப்படியில்லை" என்று பேசியவர், தன் குடும்பத்தைப் பற்றிய கேள்விக்கு "அது என் அந்தரங்கம்" என்று சொல்ல முடியாது. இரண்டாவது, உறவு அலுவலகத்துக்குள் நுழையும்போது. 2009 ஜூனில் தென் கரோலினாவின் ஆளுநர் மார்க் சான்ஃபோர்ட் சில நாட்கள் காணாமல் போனார். மலையில் நடைப்பயணம் போயிருக்கிறார் என்றார்கள் உதவியாளர்கள். அவர் இருந்தது அர்ஜென்டினாவில், காதலியோடு. மாநிலத்தில் ஒரு பேரிடர் வந்திருந்தால் முடிவெடுக்க ஆள் இல்லை. எனக்கு அதுதான் குற்றம், காதல் அல்ல. அவருடைய வாக்காளர்கள் 2013-இல் அவரை மறுபடி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் எடைபோட்டார்கள், வேறு முடிவுக்கு வந்தார்கள். தன் கீழ் வேலை செய்பவரோடு உறவு வைத்துக்கொள்ளும் அதிகாரியையும் இதே வகையில்தான் வைப்பேன். அங்கே "சம்மதம்" என்ற சொல்லை எவ்வளவு நம்புவது என்று என் தொழில் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறது.

என்னால் தீர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. சட்டத்தை மீறவில்லை, அடிக்கவில்லை, பணம் மறைக்கவில்லை, உத்தரவை மதித்தார். ஆனால் ஆண்டுக்கணக்கில் மனைவியிடம் சாதுரியமாகப் பொய் சொன்னவர். அவர் உங்களிடமும் அப்படிச் சொல்வாரா? என் கட்சிக்காரர்களில் வீட்டில் பொய்யும் கடையில் சுத்தமான கணக்குமாக வாழ்ந்தவர்களும் உண்டு, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிப் பொய் சொன்னவர்களும் உண்டு. எது அதிகம் என்று எண்ணிப் பார்த்ததில்லை. இந்த இடத்தில் உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால் அவருக்குப் போடாதீர்கள். ரகசிய வாக்கு என்பதே யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம் என்பதற்காகத்தான்.

கடைசியாக அந்த ஒன்பது பக்கங்கள். அடுத்த முறை வந்தால், அனுப்பியவரிடம் எதிருரை எங்கே, தீர்ப்பு எங்கே என்று கேளுங்கள். முழு மனுவுக்குப் பின்னால் சரிபார்ப்பு உறுதிமொழியும் மனுதாரரின் கையெழுத்தும் இருக்கும். ஒன்பதாம் பக்கம் பாதி வாக்கியத்தில் நிற்கிறதென்றால் யாரோ ஒரு இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். தொடக்கத்தில் திருமண விவரம் சொல்லும் பத்தியில் பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும், நாங்கள் வழக்கமாக அங்கேதான் எழுதுவோம். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது பள்ளி வயதோ கல்லூரி வயதோ இருக்கலாம். உங்கள் போனில் இருப்பதை இன்னொருவருக்கு அனுப்பியிருந்தால், அழிக்கச் சொல்லி இன்றைக்கே ஒரு வரி எழுதிவிடுங்கள்.